பள்ளி ஹாக்கி அணிக்குப் பயிற்சி: பெற்றோரும் புதிய பயிற்சியாளர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் பள்ளி ஹாக்கி அணிக்கு உதவ வருபவர்கள் பலவிதம். தேசிய சேவை முடித்துவிட்டு வரும் பழைய மாணவர், ஹாக்கியே ஆடியிராமல் சிசிஏ (பள்ளி இணைப்பாட நடவடிக்கை) பொறுப்பை ஏற்ற ஆசிரியர், பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மைதானத்தின் ஓரத்திலேயே நின்றுவிடும் அப்பா அம்மா. இவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதுகிறேன். முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும் என்றில்லை, ஆனால் இரண்டாவது கேள்வியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

கோச், என் மகன் இந்த வருடம்தான் செக் ஒன் (உயர்நிலை ஒன்று). இதுவரை மட்டையைத் தொட்டதே இல்லை. லேட்டாகிவிட்டதா?

இல்லை. இங்கே பெரும்பாலான பிள்ளைகள் உயர்நிலை ஒன்றில் சிசிஏ தேர்வின்போதுதான் முதன்முதலாக மட்டையைப் பிடிக்கிறார்கள். காற்பந்தில் அந்த வயதுக்குள் சிலர் ஏழெட்டு வருடம் ஆடி முடித்திருப்பார்கள், ஹாக்கியில் அப்படி இல்லை, கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். காற்பந்து ஆடிய பிள்ளைக்கு இடைவெளி எங்கே இருக்கிறது என்று பார்க்கும் கண் ஏற்கெனவே இருக்கும், பூப்பந்து ஆடியவனுக்கு மணிக்கட்டு பேசும். கஷ்டப்படுத்துவது குனிந்தே ஓடுவதுதான். முதல் சில வாரங்கள் முதுகு வலிக்கிறது என்று வீட்டில் புலம்பினால் பயப்பட வேண்டாம், ஆனால் முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து மட்டும் வளைகிறானா என்று ஒருமுறை வந்து பாருங்கள். அப்படி என்றால் உடனே திருத்த வேண்டும்.

முதல் மாதத்தில் எதைக் கற்றுத்தருவது? டிரிபிள்தானே?

பந்தை வாங்கக் கற்றுத்தாருங்கள், அதாவது தன்னிடம் வரும் பாஸை மட்டையால் நிறுத்திக் கட்டுப்படுத்த. டிரிபிள், அதாவது பந்தை மட்டையோடு நகர்த்திக்கொண்டே ஓடுவது, அப்புறம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 நிமிடக் கால்பகுதி நான்கு, மொத்தம் 60 நிமிடம். மைதானத்தில் 22 பேர். பந்து வெளியே போகும் நேரத்தை விட்டுவிட்டாலும் ஆளுக்கு மூன்று நிமிடம்கூட மட்டையில் பந்து இருக்காது. ஒவ்வொரு முறை பந்து வரும்போதும் முதல் தொடுதலிலேயே அது எகிறிப் போனால், எவ்வளவு அழகான டிரிபிள் தெரிந்திருந்தும் அதைக் காட்ட வாய்ப்பே வராது. நான் பார்த்தவரை பள்ளி ஆட்டங்களில் பந்து கைமாறுவது பெரும்பாலும் எதிரி பறிப்பதால் நடப்பதில்லை, நாமே சரியாக வாங்காததால் நடக்கிறது.

எப்படிக் கற்றுத்தருவது? மட்டையின் கைப்பிடி பந்து வரும் பக்கமாகச் சற்று முன்னால் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் பந்து மேலே எகிறாது. வலது கையைத் தளர்த்த வேண்டும், இறுக்கிப் பிடித்தால் பந்து சுவரில் பட்டதுபோல் திரும்பும். பந்து நிற்க வேண்டிய இடம் வலது காலுக்குச் சற்று முன்னால், உடலிலிருந்து ஒரு எட்டு தள்ளி. காலடியிலேயே நின்றால் தலை குனிந்துவிடும், எதுவும் தெரியாது.

இது பாதிதான். மீதிப் பாதி, பந்து வருவதற்கு முன்னால் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பது. பாஸ் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஒருமுறை, பந்து பாதி தூரம் வந்ததும் இன்னொருமுறை. இதற்கு ஒரு எளிய பயிற்சி: வாங்குபவருக்குப் பின்னால் ஒருவர் நின்று விரல்களைக் காட்டட்டும், பந்து மட்டையில் படும் முன் வாங்குபவர் அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் எல்லோரும் பந்தை விடுவார்கள். விடட்டும். இரண்டு வாரம் கழித்து, எண்ணைச் சொல்வதற்குப் பதில், பின்னால் நிற்பவர் எந்தப் பக்கம் நகர்கிறாரோ அதற்கு எதிர்ப்பக்கமாக முதல் தொடுதலை எடுக்கச் சொல்லுங்கள். இங்கேயே உத்தி தொடங்கிவிட்டது, பிள்ளைகளுக்கு அது தெரியாவிட்டாலும்.

என் மகளுக்கு இடக்கைப் பழக்கம். இடக்கை மட்டை எங்கே கிடைக்கும்?

ஹாக்கியில் அப்படி ஒன்று கிடையாது. மட்டையின் இடதுபக்கத் தட்டையான முகத்தாலும் விளிம்புகளாலும்தான் பந்தைத் தொடலாம், வட்டமான பின்பக்கம் பட்டால் தவறு. எல்லோருக்கும் ஒரே மாதிரி மட்டை. ஆனால் இதில் உங்கள் மகளுக்கு லாபம்தான். மேலே பிடிக்கும் இடது கைதான் மட்டையைத் திருப்புகிறது, கீழே இருக்கும் வலது கை வழிகாட்டினால் போதும். வலக்கைப் பிள்ளைகள் இடது கையைப் பழக்கப் படும் பாட்டை அவள் படத் தேவையில்லை.

எந்த மட்டை வாங்கலாம்? கடையில் கார்பன் அதிகம் உள்ளதை வாங்கச் சொல்கிறார்கள்.

தொடக்கத்தில் வேண்டாம். கார்பன் கூடக் கூட மட்டை விறைப்பாகும், ஹிட் வேகமாகப் போகும், ஆனால் பந்தை வாங்கும்போது எகிறும். மேலே சொன்னதைக் கற்கும் பிள்ளைக்கு இது நேர் எதிரி. ஃபைபர்கிளாஸ் கலந்த, வளைவு குறைவான மட்டை போதும். விதிப்படி வளைவு 25 மில்லிமீட்டர் வரை இருக்கலாம், அந்த எல்லைக்குப் பக்கத்தில் வரும் மட்டைகள் டிராக் ஃபிளிக் (பந்தை மட்டையால் இழுத்து வீசும் அடி) அடிப்பவர்களுக்கானவை. மிச்சமாகும் பணத்தில் நல்ல ஷின் கார்டும் பல்லுக்கு மவுத்கார்டும் வாங்குங்கள். பந்தின் எடை 156 முதல் 163 கிராம், கல் மாதிரி கெட்டி, அதை மறந்துவிட வேண்டாம்.

புஷ், ஸ்லாப், ஹிட் மூன்றையும் ஒன்றாகச் சொல்லிக்கொடுக்கலாமா?

புஷ் முதலில். மட்டை பந்தை ஒட்டியே தொடங்க வேண்டும், இடது தோள் இலக்கைப் பார்க்க வேண்டும், எடை பின்காலிலிருந்து முன்காலுக்கு வர வேண்டும். சரியாக இருக்கிறதா என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம், 'டக்' என்று சத்தம் கேட்டால் அது புஷ் இல்லை, தட்டல். அடுத்து ஸ்லாப், கைகள் சற்று விலகி, மட்டை தரையை உரசியபடி நீண்ட வீச்சில் வருவது. டர்ஃபில், அதாவது செயற்கைப் புல்தரையில், பள்ளி அளவு ஆட்டத்துக்கு ஸ்லாப்பே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். ஹிட்டை கடைசியாகக் கொடுங்கள், அதுவும் வரிசையாக நிற்க வைத்து, யாரும் யாருக்கும் முன்னால் இல்லாமல். பிள்ளைகளுக்கு ஓங்கி அடிப்பதில் இருக்கும் ஆசை எனக்குப் புரிகிறது, ஆனால் பக்கத்தில் நிற்பவரின் முகத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு.

சரி, டிரிபிள் எப்போது? யூடியூப் பார்த்துவிட்டு எல்லோரும் பந்தைத் தூக்கித் தூக்கி ஓடுகிறார்கள்.

ஆசையைத் தடுக்காதீர்கள், பயிற்சி தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியது இடவலமாகப் பந்தை இழுக்கும் இந்தியன் டிரிபிள். இடது மணிக்கட்டு மட்டையைத் திருப்ப, வலது கை உள்ளே மட்டை சுழலுமளவு தளர்வாக இருக்க வேண்டும். ஆட்டத்தில் இதை மீட்டருக்கு ஐந்து முறை செய்யத் தேவையில்லை. திறந்த இடத்தில் பந்தை வலது முன்பக்கம் வைத்துத் தலை நிமிர்ந்து ஓடுவதுதான் வேகம், எதிரி மூன்று நான்கு மீட்டருக்குள் வந்த பிறகுதான் இழுப்பு.

எதிரில் நிற்பவரைத் தாண்ட முடியவில்லை. எந்தப் பக்கம் போக வேண்டும்?

இங்கேதான் ஹாக்கி மற்ற ஆட்டங்களிலிருந்து விலகுகிறது. எல்லோரும் ஒரே பக்கமாக மட்டை பிடிப்பதால் எல்லோருக்கும் ஒரே பலவீனமான பக்கம் இருக்கிறது, அது அவரவர் இடப்பக்கம். எதிரியின் இடது காலுக்கு வெளியே, அதாவது நம் வலப்பக்கமாகப் பந்தை இழுத்தால் அவர் ரிவர்ஸாக, அதாவது மட்டையைத் திருப்பிப் பிடித்துத்தான் எட்ட முடியும், பந்து நம் ஃபோர்ஹேண்டில், இயல்பாக மட்டை பிடிக்கும் வலப்பக்கத்தில், பத்திரமாக இருக்கும். முதலில் இடப்பக்கம் போவதுபோல் தோளைக் காட்டி, அவர் எடை மாறியதும் வலப்பக்கம் இழுப்பது, இது ஒன்றை நன்றாகத் தெரிந்த பிள்ளை பள்ளி ஆட்டங்களில் நிறைய தூரம் போகும்.

தடுப்பவருக்கு இதே பாடம் தலைகீழாக. இடது காலை முன்னால் வைத்து, தன் இடப்பக்கத்தை அடைத்து, வந்தால் என் வலப்பக்கம் வா என்று எதிரியைத் தள்ள வேண்டும். டேக்கிளில், அதாவது பந்தைப் பறிக்கப் போவதில், அவசரம்தான் பெரிய பிரச்சினை. நேராகப் பாய்ந்து மட்டையை வீசும் பிள்ளையை ஒரே இழுப்பில் தாண்டிவிடுவார்கள். பின்னோக்கி ஓடியபடி, ஒரு கையால் மட்டையைக் குத்துவதுபோல் நீட்டி (ஜாப்) காட்டிக் காட்டி, எதிரி தலை குனியும்வரை காத்திருந்து, பந்து அவர் மட்டையிலிருந்து ஒரு சாண் விலகிய நொடியில் உள்ளே போக வேண்டும். பந்தைப் பறிக்காவிட்டாலும் பரவாயில்லை, நான்கு நொடி தாமதப்படுத்தினால் நம் ஆட்கள் திரும்பி வந்துவிடுவார்கள். பிள்ளைகளை இதற்காகப் பாராட்டுங்கள், கோல் அடித்தவரைப் பாராட்டும் அதே சத்தத்தில்.

எங்களுக்குப் பயிற்சி பள்ளித் திடலிலும் பரேட் சதுக்கத்திலும்தான். போட்டி மட்டும் டர்ஃபில். என்ன செய்வது?

இது இங்கே பல பள்ளிகளின் நிலைமை. செங்காங் ஹாக்கி அரங்கம் 2010 இளையர் ஒலிம்பிக் ஹாக்கி நடந்த இடம், அங்கே நீர் தெளித்த டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு வரும். புல்லில் பழகிய பிள்ளைக்கு முதல் கால்பகுதி முழுக்கத் திகைப்பாக இருக்கும். டெல்டா திடலோ செங்காங்கோ, டர்ஃப் நேரம் கிடைத்தால் அதைப் பாஸ், வாங்குதல், பெனால்டி கார்னர் (கோலுக்கு முன்னால் எதிரணி தவறு செய்தால் பின்கோட்டிலிருந்து நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு) ஆகியவற்றுக்கு மட்டும் செலவிடுங்கள். ஓட்டப் பயிற்சி, டேக்கிள் நிலை, அணி வடிவம் எல்லாவற்றையும் புல்லில் முடித்துவிடலாம். சிமென்ட் தரையில் வாங்கும் பயிற்சி நன்றாகவே வேலை செய்யும், பந்து டர்ஃபைப் போலவே வேகமாக வரும், மட்டைதான் தேயும். அதற்குப் பழைய மட்டைகளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

25 பிள்ளைகள், ஒரே ஒரு கோச், இரண்டு மணி நேரம். எப்படி நடத்துவது?

வரிசையை ஒழியுங்கள். எட்டுப் பேர் வரிசையில் நின்று ஒருவர் அடித்துவிட்டுப் பின்னால் போய் நிற்பது பயிற்சி இல்லை, காத்திருப்பு. பத்துக்குப் பத்து மீட்டர் கட்டங்களாகக் கோன் வைத்து, கட்டத்துக்கு நான்கைந்து பேர். மூன்று பேர் பந்தை வைத்துக்கொள்ள ஒருவர் பறிக்க வர, பிறகு மூன்றுக்கு இரண்டு. இப்படிச் செய்தால் வாங்குதல், பார்த்தல், டேக்கிள் மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும், நீங்கள் ஒவ்வொரு கட்டமாக நடந்துபோய் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திருத்தலாம். ஒரு பயிற்சிக்கு ஒரு விஷயம். கடைசி அரை மணி நேரம் ஆட்டம், கட்டாயம், அதுவும் அன்று கற்றதற்குப் பரிசு இருக்கும்படி. உதாரணமாக, வாங்குமுன் திரும்பிப் பார்த்தவர் போட்ட பாஸிலிருந்து கோல் வந்தால் இரண்டு புள்ளி. நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசாதீர்கள். நாம் பேசும் ஒவ்வொரு நிமிடமும் 25 பேர் பந்தைத் தொடாத நிமிடம்.

எந்த ஃபார்மேஷன் நல்லது?

4-3-3 வைத்துக்கொள்ளுங்கள், அதாவது நான்கு டிஃபெண்டர், மூன்று மிட்ஃபீல்டர், மூன்று ஃபார்வர்டு. ஆனால் எண்ணைவிட வரிசைகளுக்கு இடையிலான தூரம்தான் முக்கியம். மைதானத்தின் நீளம் 91.4 மீட்டர், அகலம் 55. முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே 60 மீட்டர் விழுந்தால் அணி எந்த ஃபார்மேஷனில் நின்றாலும் உடைந்துதான் கிடக்கும். பந்து முன்னால் போகும்போது டிஃபெண்டர்கள் ஏறி வர வேண்டும், அதைத்தான் பிள்ளைகள் செய்ய மாட்டார்கள், வேலை முடிந்தது என்று நின்றுவிடுவார்கள். ஒரு எச்சரிக்கை: ஹாக்கியில் ஆஃப்சைட் கிடையாது, 1990களின் பிற்பகுதியிலேயே எடுத்துவிட்டார்கள். எதிரணி ஒரு ஸ்ட்ரைக்கரை நம் கோல் பக்கத்திலேயே நிறுத்தி வைக்கலாம். அவருக்குப் பக்கத்தில், பந்துக்கும் அவருக்கும் நடுவே மட்டை போடும்படி ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். மற்ற மூவரும் ஏறட்டும்.

பிரெஸ் பண்ணச் சொன்னால் எல்லோரும் பந்தைத் துரத்துகிறார்கள். இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பிரெஸ் என்றால் துரத்துவது என்று பிள்ளைகள் நினைப்பதால் வரும் வினை. பிரெஸ்ஸின் நோக்கம், எதிரி நல்லபடியாகப் பந்தை வாங்க முடியாமல் செய்வது. நாம் நம் பிள்ளைகளுக்கு வாங்கக் கற்றுத்தந்தோம் அல்லவா, அதையே எதிரணிக்குக் கெடுப்பது.

பள்ளி அணிக்கு முழு மைதானப் பிரெஸ் வேண்டாம், இந்த வெயிலில் மூன்றாவது கால்பகுதிக்கு மேல் யாருக்கும் கால் நகராது. அரை மைதானப் பிரெஸ் போதும். எதிரணியின் நடு டிஃபெண்டர்களிடம் பந்து இருக்கட்டும், விட்டுவிடுங்கள். நம் மூன்று ஃபார்வர்டுகளும் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால் நின்று நடுவழியை அடைக்க வேண்டும், மட்டை தரையில், பாஸ் போகும் கோட்டில். நடுவில் வழி இல்லை என்றால் அவர்கள் ஓரத்துக்குத்தான் கொடுப்பார்கள். கொடுக்கட்டும், முடிந்தால் அவர்களின் இடது ஓரத்துக்கு. ஏனென்றால் அங்கே நிற்பவருக்குக் கோடு இடப்பக்கம் இருக்கிறது, ரிவர்ஸ் பக்கம். அவருக்குத் திறந்திருக்கும் ஒரே பக்கம் உள்பக்கம், அங்கே நாம் ஃபோர்ஹேண்டோடு நிற்கிறோம்.

பந்து அந்த ஓரத்தை நோக்கிக் கிளம்பிய உடனே, சேர்ந்த பிறகல்ல, கிளம்பிய உடனே, மூன்று பேர் ஒன்றாக நெருங்க வேண்டும். ஒருவர் பந்துக்கு, ஒருவர் உள்ளே வரும் பாஸுக்கு, ஒருவர் கோட்டோரம் முன்னே போகும் பாஸுக்கு. கபடியில் பாடி வருபவரை மூலைக்கு ஒதுக்கிச் சங்கிலியாக மடக்குவார்களே, அந்த மாதிரி. ஒருவர் மட்டும் போனால் வீண். பிள்ளைகளுக்குச் சமிக்ஞை வேண்டும், 'இப்போது' என்பதை யார் சொல்வது என்று தீர்மானியுங்கள். நான் நடு ஸ்ட்ரைக்கரிடம் கொடுப்பேன், அவர்தான் முதலில் ஓட வேண்டியவர். அவர் ஓடாவிட்டால் யாரும் ஓடக் கூடாது. மோசமான முதல் தொடுதல், துள்ளி வரும் பந்து, நமக்கு முதுகைக் காட்டியபடி வாங்கும் எதிரி, இவையும் சமிக்ஞைதான்.

மைதானத்தில் நடந்தே பழகுங்கள். ஓட்டமே இல்லாமல், நீங்கள் கையால் பந்தை உருட்ட, எல்லோரும் நடந்து தங்கள் இடத்துக்கு நகர வேண்டும். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் இதைவிடச் சீக்கிரம் புரியவைக்கும் வழியை நான் பார்த்ததில்லை.

எங்களை யாராவது பிரெஸ் பண்ணினால் டிஃபென்ஸ் பயந்து முன்னால் அடித்துத் தள்ளுகிறது.

நான்கு டிஃபெண்டர்களையும் ஆழமான வளைவாக நிற்க வையுங்கள், நடுவிலுள்ள இருவர் ஓரத்தில் இருப்பவர்களைவிடப் பின்னால். பந்து வலது ஓரத்திலிருந்து பின்னால் நடுவுக்கு, அங்கிருந்து அடுத்தவருக்கு, அங்கிருந்து இடது ஓரத்துக்கு. மனிதர் ஓடுவதைவிடப் பந்து வேகமாகப் போகும், எதிரணி ஃபார்வர்டுகள் இப்படியும் அப்படியும் ஓடிக் களைப்பார்கள், ஒரு கட்டத்தில் நடுவில் இடைவெளி திறக்கும். ஒரே ஒரு தடை: நம் டி வட்டத்துக்கு (கோலைச் சுற்றி 'D' வடிவில் வரைந்த பகுதி) முன்னால் தட்டையாகக் குறுக்கே பாஸ் போடக் கூடாது. அது வழியில் பறிபோனால் எதிரிக்கும் கோலுக்கும் நடுவே கோலி (கோல்கீப்பர்) மட்டும்தான். வழியே இல்லை என்றால், முன்னால் அடித்துத் தள்ளுவதற்குப் பதில் எதிரியின் காலடியருகே கோட்டுக்கு வெளியே தட்டிவிடுவதும் நல்ல முடிவுதான், அணி மூச்சு வாங்கி வடிவத்துக்குத் திரும்பும்.

எதிரணி தவறு செய்ததற்குக் கிடைக்கும் ஃப்ரீ ஹிட்டைத் தானே தட்டிக்கொண்டு ஓடலாமா?

ஓடலாம், 2009 முதல் செல்ஃப் பாஸ் விதியில் இருக்கிறது. பந்து அசையாமல் நிற்க வேண்டும், எதிரி ஐந்து மீட்டர் விலக வேண்டும். எதிரணி நடுவரைப் பார்த்து முறையிட்டுக்கொண்டிருக்கும் அந்த இரண்டு நொடி தங்கம். ஆனால் எதிரணியின் 23 மீட்டர் பகுதிக்குள் கிடைத்த ஃப்ரீ ஹிட்டை நேராக டிக்குள் அடிக்கக் கூடாது, பந்து ஐந்து மீட்டராவது நகர்ந்திருக்க வேண்டும் அல்லது தடுக்கும் அணியில் ஒருவர் தொட்டிருக்க வேண்டும். இதை மறந்து நல்ல வாய்ப்பை இழக்கும் அணிகள் ஏராளம்.

டி வரை போய்விடுகிறோம், கோல் மட்டும் வருவதில்லை.

முதலில் எந்தப் பக்கமாகப் போகிறீர்கள் என்று பாருங்கள். வலப்பக்கமாகப் போனால் எதிரணி லெஃப்ட் ஹாஃப் (இடது ஓர டிஃபெண்டர்) ரிவர்ஸில் தடுக்க வேண்டும், கோட்டோரம் வரை போய் உள்ளே பந்தை அடிப்பதும் உடலுக்கு இயல்பான அசைவு. இடப்பக்கமாகப் போனால் உடலை முழுக்கத் திருப்ப வேண்டும், அல்லது ரிவர்ஸ் ஹிட் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, டியின் விளிம்பு கோல்கம்பத்திலிருந்து 14.63 மீட்டர். அதற்குள் நுழைந்ததும் எல்லோரும் கோலை அடிக்க நினைக்கிறார்கள், அருகில் டிஃபெண்டரின் கால் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. கோணம் இல்லையென்றால் பந்தை டிஃபெண்டரைச் சுற்றி நெருக்கமாக வைத்திருங்கள், அது அவர் காலில் பட்டால் பெனால்டி கார்னர். வேண்டுமென்றே காலில் ஓங்கி அடிக்கச் சொல்லாதீர்கள், அது ஆபத்து, நடுவரும் நமக்கு எதிராகத்தான் ஊதுவார். மூன்றாவது, அடித்த பிறகு நின்று பார்க்கும் பழக்கம். கோலியின் பேடில் பட்டுத் திரும்பும் பந்துக்கு மட்டையைத் தரையில் வைத்தபடி இருவர் காத்திருக்க வேண்டும்.

எங்களிடம் டிராக் ஃபிளிக் அடிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. பெனால்டி கார்னரால் என்ன பயன்?

நிறையப் பயன். பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் 348 சர்வதேச கோல் அடித்ததும், பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஹர்மன்பிரீத் சிங் 10 கோல் அடித்து முதலிடம் பிடித்ததும் பெரும்பாலும் கார்னரால் என்பதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் ஃபிளிக்கைத்தான் கனவு காண்கிறார்கள். ஆனால் பள்ளிக் கார்னர்கள் வீணாவது ஃபிளிக் இல்லாததால் அல்ல, பந்து ஒழுங்காக உள்ளிருந்து வந்து ஒழுங்காக நிற்காததால். மறுபடியும் அதே வாங்கும் வேலைதான்.

கோல்கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளிப் பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுபவர் ஒருவர், அதை டிக்கு வெளியே நிறுத்துபவர் ஒருவர், அடிப்பவர் ஒருவர். இந்த மூவரை மாற்றாதீர்கள். ஒவ்வொரு பயிற்சி முடிவிலும் இந்த மூவரும் கோலே அடிக்காமல் தள்ளி நிறுத்துவதை மட்டும் செய்யட்டும். பந்து தரையோடு, துள்ளாமல், அதே இடத்துக்கு வர வேண்டும்.

பிறகு அடி. முதல் அடி ஹிட்டாக இருந்தால், ஸ்லாப்பும் ஹிட் கணக்குத்தான், பந்து கோல்கோட்டைத் தாண்டும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, அதாவது பின்பலகை உயரம். பலகையில் 'டங்' என்று சத்தம் வரும்படி கோலியின் இடது காலுக்கு வெளியே ஸ்லாப் அடித்தாலே போதும். இரண்டு மாற்றுத் திட்டம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் வேண்டாம்: நிறுத்தியவர் இடப்பக்கம் ஒருவருக்குத் தட்டிவிடுவது, அல்லது கோலுக்குச் சற்று வெளியே அடித்து, பந்தைத் தள்ளியவரே உள்ளே வந்து கம்பத்தருகே திசை திருப்புவது.

தடுக்கும்போது கோலியோடு சேர்த்து ஐந்து பேர் மட்டுமே பின்கோட்டுக்குப் பின்னால் இருக்கலாம், மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால். முதலில் ஓடும் பிள்ளைக்கு முகக்கவசம், கையுறை, முழங்கால் பாதுகாப்பு இல்லாமல் ஓட விடாதீர்கள். பள்ளியில் ஒரே ஒரு செட் இருந்தால் அது அவருக்குத்தான். டிஃபெண்டர் யாராவது முன்கூட்டியே கிளம்பினால் அவர் நடுக்கோட்டுக்கு அப்பால் போக வேண்டும், அவருக்குப் பதில் ஆள் வர முடியாது, அதனால் பொறுமையும் பழக்க வேண்டிய ஒன்று.

கோல்கீப்பராக யாரும் வர மாட்டேன் என்கிறார்கள்.

தண்டனையாக யாரையும் நிறுத்தாதீர்கள். எல்லோரையும் ஆளுக்கொரு பயிற்சி பேட் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அதில் இரண்டு பேருக்கு முகம் மலரும், அவர்கள்தான் உங்கள் கோலிகள். அப்புறம் அவர்களை மறந்துவிடக் கூடாது. பல பயிற்சிகளில் கோலி ஒரு மணி நேரம் சும்மா நின்றுவிட்டு, கடைசியில் 20 பேரிடம் மாறி மாறி அடி வாங்குகிறார். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரமாவது அவருக்கென்று வேலை வேண்டும்: காலின் உட்பகுதியால் பந்தை ஓரத்துக்குத் தள்ளுவது, பந்து நகர நகரக் கோணத்தை அடைத்து நகர்வது, டிஃபென்ஸுக்குக் குரல் கொடுப்பது. கோலியின் குரல் நல்ல டிஃபெண்டர் ஒருவருக்குச் சமம். அந்தக் கவசத்துக்குள் இருக்கும் சூடு நமக்குத் தெரியாது, தண்ணீர் முதலில் அவருக்கு.

வெயில், மழை, இடி. பயிற்சியை எப்போது நிறுத்துவது?

கேட் ஒன் (இடிமின்னல் எச்சரிக்கை) என்றால் அந்த நொடியே. தேசிய சேவை செய்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, இடிமின்னல் அபாய எச்சரிக்கை வந்தால் எல்லோரும் கூரைக்குள். வானம் தெளிவாக இருக்கிறதே, இன்னும் ஒரு கார்னர் மட்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மண்டபத்தில் செய்ய எவ்வளவோ இருக்கிறது, வாங்கும் பயிற்சிக்கு பத்து மீட்டர் போதும்.

வெப்பத்துக்கு மைஇஎன்வி செயலியில் வெப்ப அழுத்த அளவைப் பாருங்கள். 31க்குக் கீழ் குறைவு, 31லிருந்து 33க்குள் மிதம், 33ம் அதற்கு மேலும் அதிகம். மிதம் என்றாலே இடைவேளைகளைக் கூட்டுங்கள், அதிகம் என்றால் ஓட்டப் பயிற்சியை எடுத்துவிடுங்கள். ஆட்டத்தில் ஆள் மாற்றத்துக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, பெனால்டி கார்னர் கொடுத்த பிறகு அது முடியும்வரை மட்டும் பொதுவாக மாற்ற முடியாது. அதனால் ஃபார்வர்டுகளை நான்கைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெளியே வருவது தண்டனை அல்ல என்று பிள்ளைகளுக்கும், முக்கியமாக ஓரத்தில் நிற்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஓரத்தில் நின்று நான் மகனுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்கலாமா? மற்றவர்களுக்குப் புரியாதே.

கைதட்டுங்கள், பெயர் சொல்லி உற்சாகப்படுத்துங்கள், எந்த மொழியிலும். ஆனால் 'அடி', 'போ', 'பின்னால் கொடு' என்று வேண்டாம். திரும்பிப் பார்த்துத் தானே முடிவெடுக்க நாம் பழக்கிக்கொண்டிருக்கிறோம், அப்பாவின் குரல் வந்தால் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கிவிடும். மைதானத்துக்குள் ஆட்டக்காரர்கள் பேசுவதற்கு எல்லோருக்கும் தெரிந்த நான்கைந்து சொல் போதும்: 'டைம்' (நேரம் இருக்கிறது), 'மேன் ஆன்' (எதிரி நெருங்குகிறார்), 'லைன்' (கோட்டோரம்), 'பேக்' (பின்னால்).

பள்ளி முடிந்த பிறகு எங்கே ஆடலாம்?

பலதுறைத் தொழிற்கல்லூரி, தொடக்கக் கல்லூரி அணிகள் இருக்கின்றன. மன்றங்களும் உண்டு, பாலஸ்டியர் பக்கம் சிங்கப்பூர் இந்தியர் சங்கம், சிலோன் விளையாட்டு மன்றம் இரண்டுக்கும் நீண்ட ஹாக்கி வரலாறு இருக்கிறது. 1956ல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் சிங்கப்பூர் ஆண்கள் ஹாக்கி அணி ஆடியிருக்கிறது என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது, சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு எந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டலாம்?

தமிழ்ப் பிள்ளைகள் என்றால் 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர் சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன் என்பதில் தொடங்கலாம், ஆர்வம் வரும். பார்ப்பதற்கு நான் பரிந்துரைப்பது பாரிஸ் 2024 காலிறுதி, இந்தியாவும் பிரிட்டனும். 17வது நிமிடத்தில் இந்திய டிஃபெண்டர் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை, மீதி ஆட்டம் முழுக்க இந்தியா பத்துப் பேரோடு. 1-1 என்று முடிந்து ஷூட்அவுட்டில் 4-2 என இந்தியா வென்றது. இந்தியக் கோலி ஸ்ரீஜேஷ் தடுத்ததை எல்லோரும் பார்ப்பார்கள், பார்க்க வேண்டியதுதான். ஆனால் பத்துப் பேர் எப்படி நெருக்கமாக நின்று நடுவை அடைத்தார்கள், எப்போது ஓடாமல் இருந்தார்கள் என்பதில்தான் பாடம் இருக்கிறது.

முழு ஆட்டத்தையும் ஒரே மூச்சில் காட்டாதீர்கள். ஒரு கால்பகுதி மட்டும், ஆளுக்கு ஒரு ஆட்டக்காரரை ஒதுக்குங்கள். மிட்ஃபீல்டில் ஆடும் பிள்ளைக்கு ஹர்திக் சிங்கைக் கொடுக்கலாம். பந்து எங்கே இருந்தாலும் அவரை மட்டும் பார்த்து, திரையில் தெரியும்போதெல்லாம், பந்து தன்னிடம் வருவதற்கு முன் எத்தனை முறை தலையைத் திருப்பினார் என்று எண்ணட்டும். அடுத்த பயிற்சிக்கு அந்த எண்ணோடு வரச் சொல்லுங்கள்.